மன்னார்க் காற்றுக்கு இரண்டு விலை



முதலில் இரண்டு எண்கள்: 8.26, 4.65. இரண்டும் அமெரிக்கச் சதக் கணக்கு. இரண்டும் மன்னாரில் வீசும் காற்றிலிருந்து எடுக்கும் ஓர் அலகு மின்சாரத்துக்கு, 20 ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக இலங்கை அரசு ஒப்புக்கொண்ட விலை. முதல் விலைக்கு 2024 மே மாதம் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலைகளை நிறுவவிருந்த அதானி கிரீன் எனர்ஜி நிறுவனத்துக்கான விலை அது. இரண்டாவது, கேள்விப்பத்திரம் கோரிப் போட்டி வைத்ததில் வந்த விலை. 50 மெகாவாட்டுக்கு ஹேய்லிஸ் ஃபென்டன்ஸ் நிறுவனம் கேட்டது அவ்வளவுதான். காற்று ஒன்று, கடற்கரை ஒன்று, வாங்கும் மின்சார சபையும் ஒன்று. விலை மட்டும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று.

இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்று வாதிடுவோர் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சிறிய திட்டம் ஏற்கெனவே நிற்கும் நடுக்குடா உபமின்நிலையத்தை நம்பி வருகிறது; பெரிய திட்டத்தின் காலமும் கடன் சூழலும் வேறு. வங்குரோத்தான நாட்டுக்கு 2022இல் யார் மலிவாகக் கடன் கொடுத்திருப்பார்கள்? அதெல்லாம் சரி. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடவும் முடியாது. மன்னாருக்கென்று ஒதுக்கியிருந்தது 250 மெகாவாட். நல்ல காற்றுள்ள இடத்தில் ஆண்டு முழுவதுமாகப் பார்த்தால் கொள்ளளவில் 40 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு சுமார் 87 கோடி அலகு. அலகுக்கு 3.61 சத வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 3 கோடி டொலருக்கு மேல். இருபது ஆண்டுக்கு எவ்வளவு என்பதை அவையோரே பெருக்கிக்கொள்ளலாம்.

முதலீட்டை ஈர்ப்பது என்று பேச்செடுத்தால் வரி விடுமுறை, காணிக் குத்தகை, சுங்க விலக்கு ஆகியவைதான் உடனே நினைவுக்கு வரும். உண்மையான பெரிய சலுகை பல வேளை அந்தப் பட்டியலிலேயே இருக்காது. அது விலைக்குள் இருக்கும். அல்லது கேள்விப்பத்திரம் கோராமல் விட்ட அந்த ஒரு முடிவுக்குள் இருக்கும். 2022 ஜூனில் நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தியபோது, போட்டி விலைமனு இல்லாமல் பெரிய மின் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்க வழி திறந்தது. எரிபொருள் வரிசையில் நாடே நின்றுகொண்டிருந்த மாதம் அது. மன்னார் மக்களுக்கு அந்தத் திருத்தம் பற்றி யாராவது அன்று வந்து விளக்கியிருந்தால், இன்று இவ்வளவு பேச வேண்டியிருக்காது.

வணிகரைக் கரைக்கு வரவழைப்பது இந்தக் கடலுக்குப் புதிய வித்தையல்ல. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன், பிறநாட்டு வணிகர் படிக்கும்படி தமிழில் வெட்டுவித்தது. வணிகர்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. பிறகு கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்ற கணக்கு வருகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிவந்த கலம் கெட்டால் சரிபாதி.

உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் கரையை ஆள்பவர் அள்ளிக்கொள்ளும் வழக்கம் இந்தியப் பெருங்கடல் கரைகளில் பரவலாக இருந்த காலத்தில், இது பெரிய வாக்குறுதி. படைக்கு வேண்டிய யானைக்கும் குதிரைக்கும் கூடுதல் சலுகை, மற்றதற்குக் குறைவு என்று அரசன் தரம் பிரித்திருப்பதையும் பாருங்கள். எதை வரவழைக்க வேண்டும் என்று தெரிந்தவன் கொடுத்த சலுகை அது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விதி கல்லில் பகிரங்கமாக நின்றது. எந்த வணிகனும் வந்து படிக்கலாம்; ஒருவனுக்கு மட்டும் தனியாகக் காதில் சொன்ன விலை அல்ல.

அதற்கு முன்பே மன்னாருக்கு எதிர்க்கரையில் மாந்தைத் துறைமுகம் இருந்தது. திருக்கேதீச்சரத்தைச் சுற்றி 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது சீனப் பீங்கானும் மேலாசிய மட்பாண்டமும் ஓட்டுத் துண்டுகளாக வந்தன. கிழக்கும் மேற்கும் பொருள் மாற்றிக்கொள்ள ஒரு நடுவிடம் தேவைப்பட்டது; மாந்தை அதைக் கொடுத்தது. யாரும் வரி விடுமுறை கொடுத்து அழைத்ததாகத் தெரியவில்லை.

முத்துக் குளிப்பின் கதை இன்னும் நெருக்கமானது, இன்னும் கசப்பானது.

அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று தெற்கே நீளும் கரைக்கு அப்பால், கடலுக்கடியில் முத்துச்சிப்பிப் பார்கள். சிப்பி விளைந்த ஆண்டில் அரசாங்கம் அறிவித்தல் போடும். வெறுமணலில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும்பும். நீதிமன்றம், வைத்தியசாலை, தபால், பொலிஸ், குடிதண்ணீர், தொற்றுநோய்க் காவல் எல்லாவற்றுக்கும் அரசாங்கமே செலவழித்தது. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குளியாளர் வந்தார்கள். சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டிக்கும் அங்கே இடம் உண்டு. அவர் மந்திரம் சொல்லாவிட்டால் குளியாளர் இறங்கமாட்டார்கள். பிரித்தானிய அதிகாரிகள் சிரித்துக்கொண்டே அவருக்குப் படி அளந்தார்கள். மார்க்கோ போலோ காலத்தில் இந்தக் கடலில் கடல்கட்டிகளுக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது என்று அவரது பயணக் குறிப்பு சொல்கிறது. தொழிலாளியை வரவழைக்க முதலாளி கொடுக்கும் சலுகைகளில் இதைவிட வினோதமானது வேறு இருக்குமா?

மாலையில் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகள் கொட்டுக்குள் போகும். கொட்டு என்பது வேலியடைத்த பெரிய கொட்டகை. அங்கே ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். அரசாங்க ஊழியர் இரண்டைத் தெரிவுசெய்வார். மிஞ்சிய ஒன்று குளியாளருக்கு. அரசாங்கப் பங்கு அன்றிரவே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலத்தில் போகும். வாங்கியவர் அதை அழுகவிட்டு, கழுவி, முத்துத் தேடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நாற்றம் மட்டும் நிச்சயம். 1906இல் அங்கே வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் அந்த அனுபவத்தை வைத்து ஒரு சிறுகதையே எழுதினார்.

இந்தத் தொழிலின் நோய், அது எந்த ஆண்டு வரும் என்று யாருக்கும் தெரியாதது. 1891க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் குளிப்பே இல்லை. அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மனை 1902இல் வரவழைத்துப் பார்களை ஆராயச் செய்தது. 1903இலும் 1904இலும் நல்ல குளிப்பு. 1905இல் வரலாறு காணாத குளிப்பு; அரசாங்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. அந்த வேகத்தோடு லண்டனில் ஒரு கம்பனி பிறந்தது. சிலோன் கம்பனி ஒஃப் பேர்ல் ஃபிஷர்ஸ் என்று பெயர். 1906 தொடக்கம் 20 ஆண்டுகளுக்குப் பார்கள் அத்தனையும் குத்தகை, வருடத்துக்கு 3,10,000 ரூபா. சிப்பி வளர்ப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை.

1905இன் ஒரே குளிப்பு, எட்டு வருடக் குத்தகைப் பணத்துக்குச் சமம். கொள்ளை கொடுத்துவிட்டார்கள் என்று அன்றே பலர் கோபப்பட்டார்கள். நடந்தது நேர்மாறு. 1906, 1907 இரண்டு ஆண்டும் கம்பனி குளித்தது. பிறகு பார்கள் வெறுமையாயின. 1912இல் கம்பனி கலைந்தது. ஒரு பக்கம் பார்த்தால் கொழும்பு கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொண்டது. விளையாத ஆண்டின் நட்டத்தைக் கம்பனியின் தலையில் கட்டிவிட்டு, நிச்சயமான வாடகையை எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்த வாடகை போய்ச் சேர்ந்தது கொழும்புத் திறைசேரிக்கு. அந்தப் பார்களுக்கு முன்னால் பரம்பரையாக வாழ்ந்த அரிப்பு, முசலிப் பகுதி மக்களுக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை. விளைந்தாலும் அவர்களுக்குப் பங்கில்லை, விளையாவிட்டாலும் நட்டஈடில்லை. மன்னார் வரலாற்றில் இந்த வடிவம் திரும்பத் திரும்ப வரும். ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. ஒப்பந்தத்தின் தரப்புகள் யார் என்பது வேறு கேள்வி. மன்னாரில் முதல் கேள்வியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிக் குறைவு.

ரயிலும் அப்படித்தான் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்பதே அதன் பின்னாலிருந்த பெரிய காரணங்களில் ஒன்று. தோட்டக் கம்பனிகளுக்காகப் போட்ட பாதை என்றாலும் தலைமன்னார் இறங்குதுறை ஓர் ஊரையே வளர்த்தது. சுங்கம், ரயில்வே, சுமைதூக்குவோர், சாப்பாட்டுக் கடைகள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் போர் அதையும் நிறுத்தியது. 1990இல் ரயில் பாதையும் மன்னார்ப் பாலமும் போயின. அதே ஆண்டில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரின் வணிகத்திலும் மீன்பிடியிலும் விவசாயத்திலும் பெரும்பங்கு வகித்த ஒரு சமூகம் புத்தளம் கரையில் அகதி முகாம்களில் கிடந்தது. முதலீட்டுச் சூழல் என்று பேசுகிறவர்கள் வட்டி வீதத்தையும் வரி வீதத்தையும் சொல்வார்கள். அயலவரை இழந்த சந்தை எவ்வளவு சுருங்கும் என்று எந்த அட்டவணையிலும் இராது.

இலங்கையின் இன்றைய சலுகை இயந்திரம் 1978இல் தொடங்கியது. பெரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு, கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம், வரி விடுமுறை. 1992இல் ஆணைக்குழுவே முதலீட்டுச் சபையாக மாறியது. 2008இல் வந்த தந்திரோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் 25 ஆண்டு வரை வரி விலக்குக் கொடுக்க இடம்வைத்தது. இவற்றில் எதையும் மன்னார் நகர சபையோ பிரதேச சபைகளோ தீர்மானிப்பதில்லை. அவற்றின் கையில் இருப்பவை ஆதனவரி, வியாபார உரிமக் கட்டணம், கட்டட அனுமதி. ஒரு கம்பனியைக் கூப்பிடும் அதிகாரமும் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் மெலிது.

சலுகைகள் உண்மையிலேயே கம்பனிகளை இழுக்கின்றனவா? அமெரிக்கப் பொருளியலாளர் திமோதி பார்ட்டிக் 2018இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார். சலுகை கிடைத்த கம்பனிகளில், சலுகை இல்லாவிட்டால் வந்திருக்காது என்று சொல்லக்கூடியவை நூற்றுக்கு 2 முதல் 25 வரைதான். மற்றவை எப்படியும் வந்திருக்கும். பணம் சும்மா போனது. விஸ்கொன்சின் மாநிலம் 2017இல் ஃபொக்ஸ்கொன் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர் சலுகை தருவதாக ஒப்பந்தம் எழுதியது. 13,000 வேலை வரும் என்றார்கள். 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அந்த எண் 1,454 ஆகியிருந்தது.

அக்கரையில் திருப்பெரும்புதூரைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. 2006இல் கைத்தொலைபேசி செய்யத் தொடங்கிய நோக்கியா, வரிச் சலுகைகளோடு வந்தது, ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு வேலை கொடுத்தது, 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1990களில் வந்த ஹூண்டாய் இன்றும் இருக்கிறது. அதற்கும் சலுகை கிடைத்தது. ஆனால் உதிரிப்பாகம் செய்யும் ஆலைகள் அதைச் சுற்றி வேர்விட்டன, சென்னைத் துறைமுகம் அருகில் இருந்தது. எழுந்து போவது கடினம்.

அந்த அளவுகோலால் பார்த்தால் காற்றாலை ஒரு விசித்திரமான விருந்தாளி. அதனால் எழுந்து போக முடியாது. காற்று இங்கேதான் இருக்கிறது. சோளகம் தொடங்கினால் மன்னாரின் தென்கரையில் மாதக்கணக்கில் ஓயாமல் அடிக்கும். சென்னையாலோ கொழும்பாலோ அதைப் போட்டி போட்டுக் கொடுக்க முடியாது. அப்படியானால் சலுகை எதற்கு? பேரம்பேசும் பலம் மன்னார்ப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்?

பலம் இருந்தது, பேசும் இடத்தில் மன்னார் இருக்கவில்லை.

மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைத் திட்டம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடன். 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட். ஒவ்வொரு சுழலியின் விட்டமும் 126 மீட்டர். கரைவலை இழுப்பவர்களின் வாடிகளுக்குப் பின்னால் அவை வரிசையாக நிற்கின்றன. தீவு ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி கடல் மட்டத்தை ஒட்டிய மணல். மாரியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை ஓரடி உயரம் தீர்மானிக்கும். கோபுரங்களுக்கான பாதைகளும் மேடுகளும் வழிமறித்து வெள்ளம் தேங்குகிறது என்பது அங்குள்ளவர்களின் முதல் முறைப்பாடு. மீன் கரையை விட்டு விலகிவிட்டது என்பது கடற்றொழிலாளரின் முறைப்பாடு. மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனை இது. வங்காலை சரணாலயம் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் அதானி திட்டத்துக்கு எதிராகச் சூழலியல் அமைப்புகளோடு மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றப் படியேறினார்.

2024 இறுதியில் ஆட்சி மாறியபின் புதிய அரசாங்கம் விலையை மீளாய்வு செய்யத் தொடங்கியது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது. அத்தோடு பிரச்சினை முடிந்தது என்று கொழும்பில் நினைத்தவர்கள் உண்டு. ஓகஸ்ட் தொடக்கத்தில் புதிய, சிறிய, மலிவான திட்டங்களுக்கான பாகங்களை ஏற்றிவந்த பாரவூர்திகளை மன்னார் மக்கள் வீதியில் மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். செப்டெம்பரில் மீண்டும் தொடங்க அனுமதி வந்தது. 26ஆம் திகதி இரவு பாகங்கள் வந்தபோது பொலிசார் பலத்தைப் பயன்படுத்தினார்கள். 29ஆம் திகதி மன்னாரில் ஹர்த்தால்.

நாட்டுக்கு 4.65 நல்ல விலை. அதில் சந்தேகமில்லை. ஆனால் விலை இறங்கியதால் ஆதாயம் கண்டது மின்சாரம் பாவிக்கும் நாடு முழுவதும்; கோபுரம் நிற்பது பேசாலைக்கும் தாழ்வுபாட்டுக்கும் பக்கத்தில். போட்டி வைத்து விலையைக் குறைத்தது நேர்மையான காரியம். அந்தப் போட்டியின் நிபந்தனைகளில் உள்ளூர்ப் பங்கு என்று ஒரு வரி முன்கூட்டியே இருந்திருந்தால், எல்லா விலைமனுக்காரரும் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் கேட்டிருப்பார்கள். அலகுக்கு இலங்கைக் காசில் 10 சதம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மெகாவாட்டுக்கு, முன்னர் சொன்ன 40 சதவீதக் கணக்கில், ஆண்டுக்கு 17.5 கோடி அலகு. 1 கோடி 75 இலட்சம் ரூபா. தம்பபவனியிலிருந்தும் அதேபோல் எடுத்தால் இன்னும் 3 கோடி 60 இலட்சம். வடிகால் வெட்ட, பாடசாலைக்கு ஆய்வுகூடம் கட்ட, ஒரு பிரதேச சபைக்கு அது சிறு தொகை அல்ல. மின்கட்டணத்தில் யாருக்கும் அது தெரியவே போவதில்லை.

இது கனவுப் பேச்சா? ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுக் கூட்டம். 1970களின் தொடக்கத்தில் அங்கே 18,000 பேர் அளவில் இருந்தார்கள். மன்னார் மாவட்டத்தின் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீன்பிடி, செம்மறியாடு, பின்னல் வேலை, அவ்வளவுதான் பொருளாதாரம். வடகடலில் எண்ணெய் கண்டதும் கம்பனிகள் கரைதேடி வந்தன, காணித் தரகர்கள் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். கவுண்டி சபையின் செயலாளராக இருந்த இயன் கிளார்க் என்பவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்து யோசித்தார்கள். கம்பனிக்குக் காணியைத் தனித்தனி ஆட்கள் விற்றுவிட்டால் சபையின் பேச்சை எவரும் கேட்கப்போவதில்லை. எனவே லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தாங்களே ஒரு சட்டமூலம் கொண்டுபோனார்கள். 1974இல் ஷெட்லண்ட் கவுண்டி சபைச் சட்டம் நிறைவேறியது. துறைமுகத்தை நடத்தவும், அபிவிருத்திக்குரிய காணியைக் கட்டாயமாக வாங்கவும் சபைக்கு அதிகாரம் கிடைத்தது.

அதன்பிறகு கம்பனிகளுக்கு வேறு வழியில்லை. பல கம்பனிகள் தனித்தனியே குழாய் போடாமல் சலம் வோ குடாவில் ஒரே முனையத்தை அமைக்க வேண்டும் என்று சபை சொன்னது, அப்படியே அமைத்தார்கள். தீவின் வாழ்க்கைக்கு ஏற்படும் இடைஞ்சலுக்கு ஈடு என்று பெயர்போட்டு, எண்ணெயின் அளவோடு இணைத்து ஒரு கொடுப்பனவு. அந்தப் பணத்தை 1976இல் தொடங்கிய அறக்கட்டளை ஒன்றில் போட்டார்கள். முதியோர் இல்லங்களும் விளையாட்டு மையங்களும் அதிலிருந்து வந்தன. கம்பனிகள் ஓடிப்போகவில்லை. சலம் வோ ஐரோப்பாவின் மிகப்பெரிய எண்ணெய் முனையங்களில் ஒன்றானது.

ஷெட்லண்டில் எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. அண்மைக் காலத்தில் அங்கே எழுந்த பெரிய காற்றாலைத் திட்டம் தீவு மக்களை இரண்டாகப் பிரித்தது. இருந்தாலும் வாதாட அவர்களிடம் சட்டமும் சபையும் பணமும் இருந்தன. டென்மார்க் வேறு வழி எடுத்தது: 2009 முதல் 2020 வரை, புதிய காற்றாலை கட்டுபவர் அதன் உரிமையில் 20 சதவீதத்தைச் சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு அடக்கவிலைக்கு விற்க முன்வர வேண்டும் என்று சட்டம் இருந்தது. மன்னாரில் பங்கு வாங்க எத்தனை பேரிடம் காசு இருக்கும் என்று கேட்பது நியாயம். கடற்றொழிலாளர் சங்கங்களும் சமாசங்களும் கூட்டாக வாங்கலாம். கடன் கொடுக்கும் வங்கியே அந்தப் பங்குக்கும் கடன் கொடுக்கலாம்.

மன்னார்க் கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறது என்பதும் ஊரறிந்ததே. கெயர்ன் லங்கா 2011இல் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் கண்டது. சந்தை விலை சரிந்த காலத்தில், 2015இல், விட்டுப் போனது. கம்பனி போனதால் மன்னாரில் ஒரு கடையும் மூடவில்லை, வந்தபோது ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அத்தனை தூரத்தில் நடந்த காரியம்.

இவ்வளவு பெரிய பெயர்களுக்கிடையில், வரி விடுமுறை கேட்காமல் வந்த வியாபாரங்களை மறந்துவிடக் கூடாது. 2010 மார்ச்சில் ஜப்பான் உதவியில் புதிய மன்னார்ப் பாலம் திறந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததும் ஏ-32 வீதியால் யாழ்ப்பாணம் கிட்டே வந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. அதன்பின் மீன் வாங்கும் குளிரூட்டி லொறிகள், நண்டு வாங்குபவர்கள், கடலட்டைக்காரர்கள், ஐஸ் கட்டி வியாபாரம். இவர்களில் யாரும் முதலீட்டுச் சபையின் கதவைத் தட்டியவர்கள் அல்லர். பாலம் இருந்தது, வந்தார்கள். பேசாலையில் விடியற்காலை வள்ளம் கரைதட்டியதும் நண்டை வலையிலிருந்து கழற்றும் பெண்ணுக்கு, ஐஸ் இன்னும் கிட்ட இருந்தால் கிலோவுக்குக் கிடைக்கும் விலை கூடும். இந்தக் கரைக்கு ஒரு சலுகை கொடுப்பதென்றால், அந்த ஐஸ் ஆலையின் மின்கட்டணத்தில் கொடுப்பது மிகவும் பொருத்தம். அதுவும் மின்சாரம் பக்கத்திலேயே உற்பத்தியாகும்போது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரினப் பண்ணைக்காக விடுவிக்கும் வர்த்தமானி 2024 மே மாதம் வந்தது. கண்டலும் சேற்றுநிலமும் அழிந்தால் இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்க இடமேது? ஒரு பண்ணைக்காரருக்குக் கொடுக்கும் காணி, ஆயிரம் சிறுதொழிலாளரிடமிருந்து எடுக்கும் காணியாக முடியலாம். அந்த விடயமும் நீதிமன்றம் வரை போனது.

இப்போது தீவின் முன்னால் நிற்பது கனிய மணல். இல்மனைற்று தேடி அவுஸ்திரேலிய நிறுவனமான டைட்டேனியம் சாண்ட்ஸ் பல ஆண்டுகளாக மணலைத் துளைத்துப் பார்த்திருக்கிறது. காற்றாலை என்றால் கோபுரத்தின் அடியில் பனை நிற்கலாம். மணலைத் தோண்டினால் தீவின் நன்னீர் தங்கியிருக்கும் அடுக்கே கலைந்துவிடும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். அளக்க வந்த அதிகாரிகளை அவர்கள் பலமுறை திருப்பி அனுப்பியதற்குக் காரணம் அதுதான். இந்த விடயத்தில் பங்கு, நட்டஈடு என்று பேரம்பேசுவதற்கு முன்னால், பேரத்துக்கே இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்பது கம்பனியின் கணக்கு. கிணற்றுத் தண்ணீர் உப்பானபின் அதை எந்த அறக்கட்டளையும் மீட்டுத் தராது.

தேசிய சுற்றாடல் சட்டப்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. இன்றைய நிலையில் மன்னாருக்குச் சட்டப்படி திறந்திருக்கும் அகலமான கதவு அதுதான். அந்த 30 நாளுக்குள் ஆத்திரம் மட்டும் தாளில் ஏறினால் அதிகாரி அதைக் கோப்பில் போட்டுவிடுவார். கேட்க வேண்டியவை கணக்குகள்: போட்டி விலைமனு கோரப்பட்டதா, அலகு என்ன விலை, காணி யார் பெயரில் எப்போது கைமாறியது, மாரி வெள்ளம் ஓடும் பாதையின் வரைபடம் எங்கே, சபைக்கு அலகுக்கு எத்தனை சதம். இன்னொரு கேள்வியும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. 20 ஆண்டு முடிந்தபின் கோபுரத்தையும் இறக்கைகளையும் நிலத்துக்குள் ஊற்றிய கொங்கிறீற்றையும் யார் செலவில் அகற்றுவது, அதற்கான பிணைப்பணம் எந்த வங்கியில் இருக்கிறது? தம்பபவனிக்கு இருபது வயது 2040இல் ஆகிறது.